ஏற்கெனவே உள்ளே

பாண்டுங் அலுவலகக் கதவுக்கு நிரல் எழுதியவள் ரத்ரி. உள்ளே இருப்பவர்களின் பட்டியலில் உள்ள ஆளைக் கதவு மறுபடி விடக்கூடாது. ஆனால் யார் எத்தனை தடவை வந்தாலும் 'பட்டியலில் இல்லை' என்று திறந்துவிட்டது. எதை வைத்து ஒரே ஆள் என்று முடிவுசெய்வது என்பதை அவள் எழுத மறந்திருந்தாள். இன்று வீட்டிலிருந்தே, முகத்தை வைத்து என்று அந்த வரியைச் சேர்த்துவிட்டு, பைக் டாக்சியில் பறந்து வந்து கதவில் முகத்தைக் காட்டினாள்.

'இருக்கிறார்' என்றது கதவு. திறக்கவில்லை.

எழுதிய வரி வேலைசெய்துவிட்டது என்று ரத்ரி சிரித்துக்கொண்டே குதித்தேவிட்டாள். உள்ளே வேலையில் இருந்த திமாஸைப் போனில் பிடித்தாள்.

“டேய், 'இருக்கிறார்'னு சொல்லிடுச்சுடா!”

“அதைச் சொல்லித்தானே வந்ததுலேருந்து சிரிச்சுக்கிட்டே இருக்கீங்க அக்கா! பக்கத்துல உக்காந்துக்கிட்டு எதுக்கு போன்?”

ரத்ரி சிரிப்பதை நிறுத்தினாள். போனில் அவள் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.