மூன்று தடவைதான் விடும்

திரையில் சிவப்பு எழுத்து வந்தது. தவறான பாஸ்வேர்டு.

"மூணு தடவைதான் விடும். ஒண்ணு போச்சு" என்றேன்.

மணி பத்து முப்பத்தைந்து. பதினோரு மணிக்கு பவ்யாவுக்கு ஆன்லைனில் டைப்பிங் டெஸ்ட். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு டேட்டா என்ட்ரி கம்பெனி. லேப்டாப்பில், கேமரா முன்னால் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். இன்று விட்டால் அந்த வேலை வேறு எவளுக்காவது போகும்.

பவ்யா என் வீட்டில் சமைக்கும் அஞ்சலையின் மகள். அம்மாவும் பெண்ணும் டைனிங் டேபிள் ஓரமாக நின்றிருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. ஒருநாள் சொன்னால் அதுவே பழகிவிடும்.

டேபிளின் மறுகோடியில் என் புது ஆபீஸ் லேப்டாப் மூடியிருந்தது. பவ்யாவின் பார்வை இரண்டு முறை அதன்மேல் போய்வந்தது. கவனிக்காதவன்போல் இருந்தேன்.

"செகண்ட் ஹேண்ட் வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க யாரையாவது கேக்க மாட்டீங்களா?"

"கடையில நல்லாத்தான் சார் ஓடுச்சு" என்றாள் அஞ்சலை. "ஊட்டுக்கு எடுத்தாந்து அணைச்சிட்டுப் போட்டா, இன்னாமோ கேக்குது."

ஓடியிருக்கும். ஏற்கெனவே ஆன் செய்து மூடி வைத்திருந்ததைத் திறந்து காட்டியிருப்பான். இவர்களும் வாயைப் பிளந்திருப்பார்கள். தவணையில் மிக்ஸி வாங்கினாலும் இப்படித்தான், மகளுக்கு லேப்டாப் வாங்கினாலும் இப்படித்தான். அயனம்பாக்கத்தில் நாலு அடுக்குமாடி வந்ததும் ஆசை மட்டும் லிஃப்ட் ஏறிவிட்டது.

இரண்டாவது தடவை அடித்தேன்.

தவறு.

பவ்யா உதட்டைக் கடித்தாள். அஞ்சலை முந்தானையால் கீபோர்டின் ஓரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அதைத் தேய்ச்சு என்ன ஆகப்போகுது? எவனோ இட்லிப்பொடி எண்ணெயக் கொட்டியிருக்கான்."

"போவாது சார் இது. எத்தினியோ வாட்டி தொடச்சிப் பாத்துட்டேன்."

வாங்கியது நேற்று. அதற்குள் எத்தனையோ வாட்டியாம். கணக்கும் வராது.

அவளுடைய பிளாஸ்டிக் கூடை கதவோரம் இருந்தது. போன ஆடியில் என் பழைய ஆபீஸ் லேப்டாப் இந்த வீட்டிலிருந்துதான் காணாமல் போயிற்று. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தினமும் கிளம்பும்போது கூடையைத் திறந்து காட்டிவிட்டுப் போகச் சொன்னேன், அவ்வளவுதான். அவளும் காட்டுகிறாள். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை, பல் போன ஒரு சீப்பு.

மூன்றாவது தடவை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு அடித்தேன்.

லாக் ஆகிவிட்டது. ஒரு முறை அணைத்துப் போட்டால் மறுபடியும் மூன்று தடவை விடும். அதை நான் சொல்லவில்லை.

"இது தேறாது. இங்கயே வச்சிட்டுப் போங்க. இதெல்லாம் போடறதுக்குன்னு இடம் இருக்கு, நானே போட்டுடறேன்."

பவ்யாவின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் குரல் கலங்கவில்லை.

"பரவால்ல சார். வித்தவரோட ஆதார் ஜெராக்ஸ், போன் நம்பர் எல்லாம் கடைக்கார அண்ணாகிட்ட கீது. மெசேஜ் போட்டேன். இப்பவே அவருக்கு லைன் போட்டு கேக்கறேன்னாரு."

போனைக் கவிழ்த்து வைக்கக் கையை நீட்டினேன்.

டேபிள்மேல் மல்லாந்து கிடந்த என் போன் பூனை மாதிரி கத்தியது. என் மகள் நிஷா வைத்த ரிங்டோன்.

சேமிக்காத நம்பர்தான். ஆனால் ட்ரூகாலர் பெயரைக் காட்டியது. ரோஜா கம்ப்யூட்டர்ஸ், திருமுல்லைவாயல்.

பவ்யா அதைப் படித்தாள். கையிலிருந்த லேப்டாப் வாங்கிய பில்லைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

அஞ்சலை எதையும் பார்க்கவில்லை. கறை இருந்த இடத்தில் விரலை வைத்திருந்தாள்.

"எடுக்க வாணாம் சார். பாஸ்வேர்ட அடிங்க, பாப்பாவுக்கு நேரமாவுது" என்றாள். "கடையில பத்து லேப்டாப்பு அடுக்கி வச்சிருந்தான். கறையப் பாத்துதான் இத்த எடுத்தேன்."

பூனை கத்தி ஓய்ந்தது. மறுபடி கத்தியது.

பழசாகிவிட்டது என்றால் என் ஆபீஸில் புதுசு தரமாட்டார்கள். திருடு போய்விட்டது என்றால் தருவார்கள்.

அணைத்துப் போட்டேன். நிஷாவின் பெயரையும் அவள் பிறந்த வருஷத்தையும் அடித்தேன். கீபோர்டைப் பார்க்கவே இல்லை. நாலு வருஷம் பழகிய விரல்கள்.

திறந்துகொண்டது.

மணி பத்து ஐம்பத்திரண்டு. பவ்யா என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வைஃபை பாஸ்வேர்டு கேட்டாள். அதையும் சொன்னேன்.

அஞ்சலை கதவோரம் போய்க் கூடையை எடுத்துவந்து, டேபிள்மேல் என் முகத்துக்கு நேராக வைத்தாள்.

"இன்னிக்கும் தொறந்து காட்டணுமா சார்?"