முதல் அம்பு

திருவிழாவில் முதல் அம்பை யார் விடுவது என்று ஆரணியில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் வருஷா வருஷம் சண்டை. யாருடைய அம்புக்கு வேகம் அதிகமோ, அடுத்த வருஷம் அவருக்கே முதல் அம்பு என்று இந்த முறை பேசி முடித்தார்கள். மெட்ராசிலிருந்து வேகம் அளக்கும் ரேடார் கருவியும் வந்து சேர்ந்தது. கீழத்தெரு அம்புக்கு அது மணிக்கு அறுபத்து நாலு கிலோமீட்டர் காட்டியது.

மேலத்தெரு லோகநாதன் கருவியை வில்லுக்குப் பக்கத்தில், அம்பு போகும் திசையைப் பார்த்து, பட்டு நூலால் கம்பத்தில் கட்டினார். அம்பு பறந்தது. கருவி ஒன்பது என்றது.

"மாப்ள, விசிறத நிறுத்து," என்றார், கருவிக்கு முன்னால் ஓரமாக நின்ற மைத்துனன் தமிழ்வாணனிடம். "மெஷின் அம்ப உட்டுட்டு உன் விசிறிய அளந்துகினு இருக்குது."

"அவருக்கு வேர்க்குமே மச்சான்."

"ரெண்டு நிமிஷத்துல கரைஞ்சிட மாட்டாரு."

"காலையிலேர்ந்து வெயில்ல நிக்கிறாரு. வெறும் பானகம்தான் குடுத்திருக்கோம்."

ஒருவழியாக விசிறி நின்றது. இன்னொரு அம்பு பறந்தது. அறுபத்தொன்று.

லோகநாதன் கம்பத்திலிருந்து கருவியை அவிழ்த்தார். "போச்சு. தோத்துட்டோம்."

"மெதுவா பேசுங்க மச்சான். அவரு காதுல உழுந்துடப் போவுது."

அவர் சார்பில் நாணை இழுத்த பட்டர், வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினார். லோகநாதன் பல்லக்கின் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பெருமாளின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"நாமதான் சாமி ஜெயிச்சோம்."