கிழமைக்கு ஒரு கத்தி

“பையில இருக்கிறதை எடுத்து மேஜை மேல வைங்க சார்.”

மனிதவள அதிகாரி சொன்னதும் ஸ்டோர்கீப்பர் பேன்ட் பைக்குள் கையை விட்டார். மடக்கிய கத்தி ஒன்று சத்தமில்லாமல் மேஜைக்கு வந்தது. கொம்புப் பிடி, இரு முனையிலும் பித்தளை. கைபட்டுக் கைபட்டுக் கூழாங்கல் போல வழவழத்திருந்தது.

“பார்த்தீங்களா மேடம்?” புது மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்தார். “போன்ல சொன்னது பொய்யில்லை. கம்பெனிக்குள்ள கத்தியோட உலாத்துறான் இந்த ஆளு. இன்னைக்கே சீட்டைக் கிழிச்சு அனுப்புங்க.”

காலையில் வாட்ச்மேன் அறைக்கு வந்த போன் அது. பேர் சொல்லவில்லை. வாயில் துணியைப் பொத்திக்கொண்டு பேசின மாதிரி ஒரு குரல். ‘ஸ்டோர்கீப்பர் கத்தி வச்சிருக்கார். அதை வாங்கி வைங்க. உடனே வாங்குங்க.’ அவ்வளவுதான்.

அதிகாரிக்கு அந்தப் போன் மேல்தான் சந்தேகம். ஸ்டோர்கீப்பர் பையில் கத்தி இருப்பது ஊரறிந்த சங்கதி. இத்தனை வருஷம் இல்லாத புகார் இப்போது எங்கிருந்து முளைத்தது? தன் மச்சானை ஸ்டோரில் உட்கார வைக்க மேனேஜர் துடிப்பது கேன்டீன் பூனைக்குக்கூடத் தெரியும். புகார் உண்மை என்று ஆகிவிட்டால், ஓய்வு பெறுகிற வயசில் இந்த மனுஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதை நடக்க விடுவதாக இல்லை அவள்.

“எதுக்கு சார் இது?”

“பழைய பேனாக்கத்தி சேர்க்கிறேன் மேடம். கிழமைக்கு ஒண்ணு எடுத்துட்டு வருவேன். ஒண்ணையே தூக்கிட்டுத் திரிஞ்சா மத்ததெல்லாம் கோவிச்சுக்கும்.” சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

“கோவிச்சுக்குமாம்! பொண்டாட்டி பாரு!” மேனேஜர் தொடையில் தட்டிக்கொண்டார். “யோவ், பழம் நறுக்கவா, ஆளை நறுக்கவா? ஸ்டோர்ல போல்ட்டு எங்கே, நட்டு எங்கேன்னு தெரியாது. இதுல கொம்புப் பிடி ஒரு கேடு. எருமைக்குத்தான் ஏற்கெனவே ரெண்டு கொம்பு இருக்கே, மூணாவது எதுக்கு?”

ஸ்டோர்கீப்பர் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேஜையையே பார்த்தார். விரல் முட்டிகள் வெளுத்துப்போயிருந்தன.

பாவம், வேலை போகிற பயம் என்று நினைத்தாள் அதிகாரி. “மரியாதையாப் பேசுங்க சார்,” என்றாள் மேனேஜரிடம். பிறகு வரவேற்பறைப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

“ஐயோ, பேனாக்கத்தி சாரையா விசாரிக்கிறீங்க?” அந்தப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். “அவர் கத்தியை வெளியில எடுத்தா, யாருக்கோ பொறந்தநாள், கேக் வந்திருக்குன்னு அர்த்தம் மேடம். லிஃப்ட் கதவுல என் ஷால் மாட்டினப்போ அவர்தான் அறுத்து விட்டார். மேல ஈ உட்கார்ந்தாக்கூட ஊதித்தான் விடுவார், அடிக்க மாட்டார்.”

“போதும் போதும், சிலை வைப்போம்,” என்றார் மேனேஜர்.

அந்தப் பெண் போனதும் அதிகாரி கத்தியைக் கையில் எடுத்தாள். திறக்கப் பார்த்தாள். நகம்தான் மடங்கியது. “நீங்களே திறந்து காட்டுங்க,” என்று நீட்டினாள்.

ஸ்டோர்கீப்பர் கையை நீட்டவில்லை. “வேண்டாம் மேடம். அந்தப் பள்ளத்துல நகத்தை வச்சு, ரெண்டு கையாலயும் மெதுவா இழுங்க. வரும்.”

வந்தது. கருத்துப்போன பழைய இரும்பு. விளிம்பு மட்டும் பளீரென்று மின்னியது.

“புதுசாத் தீட்டினீங்களா?”

“நேத்து ராத்திரி. தூக்கம் வரலை மேடம்.”

“இவன் தூங்காததுக்கும் கம்பெனிதான் பொறுப்பு!” மேனேஜர் குனிந்து அவர் காதருகில் கத்தினார். “கேள்வி கேட்டா நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்லுய்யா, மண்ணு!”

நிமிர்ந்து பார்க்கவில்லை ஸ்டோர்கீப்பர். நெற்றியிலிருந்து ஒரு வேர்வைத் துளி இறங்கி மூக்கு நுனியில் நின்றது. துடைக்கவும் இல்லை.

அதிகாரிக்குப் பொறுத்தது போதும் என்று ஆகிவிட்டது. “விசாரணை முடிஞ்சது. இது ஆயுதம் இல்லை, இவரோட பழக்கம். புகாரைத் தள்ளிட்டேன்.”

மேனேஜரின் முகம் சுருங்கியது. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “உங்க இஷ்டம் மேடம். யோவ், உன்னைத்தான். முடிச்சுட்டு நேரா என் ரூமுக்கு வா. தனியா உன்கிட்ட நாலு வார்த்தை பேசணும்.”

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

அதிகாரி பெருமூச்சு விட்டாள். பெரிய பாறையைப் புரட்டின மாதிரி இருந்தது. கத்தியைக் கவனமாக மடக்கி, சிரித்தபடி அவர் பக்கம் தள்ளினாள்.

“எடுத்துக்குங்க சார். பயப்படாதீங்க. போன் பண்ணினது யாருன்னு எனக்குத் தெரியும்.”

ஸ்டோர்கீப்பர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். கண்கள் சிவந்திருந்தன.

“தெரிஞ்சுமா மேடம் இதைத் திருப்பிக் குடுக்கறீங்க?” கத்தியை அவளிடமே தள்ளினார். “வீட்டுல வச்சுட்டு வரணும்னுதான் பார்த்தேன், முடியலை. பாதி வழியில திரும்பிப் போய் எடுத்துட்டு வந்துட்டேன். அவர் திட்டத் திட்ட என் கை இதைத்தான் தேடுது. நீங்களாவது பிடுங்கி வச்சுக்குவீங்கன்னுதானே காலையில நானே போன் பண்ணினேன்!”