மூன்றாவது பாட்டைப் பாடியவர்

‘உப்புக்காற்று’ ராக் குழு பழைய பாடல்களைத் தன் பாணியில் பாடிய ஆல்பம் காலையில் வெளியானது. எல்லாவற்றையும் பாடியவன் ஜெரால்டு. ஆனால் இப்போதெல்லாம் எந்தப் பாட்டும், கேட்பவர் யாருக்காக ஏங்குகிறாரோ அவர் குரலில்தான் ஒலிக்கும். தன் குரலை யாரும் கேட்கப்போவதில்லை என்பது ஜெரால்டுக்குப் பழகியிருந்தது.

டிரம்மர் மாறன் போனில் அழுதான். “மச்சான், மூணாவது பாட்டை எங்கம்மா பாடுறாங்கடா. போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. நம்ம கிட்டாரிஸ்ட் ஷெரினுக்கு கனடாவுல இருக்கற தங்கச்சி பாடுதாம். உனக்கு யாருடா வந்தாங்க?”

“இன்னும் போட்டே பாக்கலடா.”

பொய். நான்கு முறை கேட்டுவிட்டான். இரண்டாம் சரணத்தில் மூச்சு வாங்கும் இடம்கூட மாறவில்லை. நான்கு முறையும் அவனேதான் பாடினான்.