கல் நங்கைக்குக் கம்பளி

அருங்காட்சியகக் கூடத்தில், குண்டுவீச்சுக்காக அடுக்கிய மணல் மூட்டைகளுக்கு நடுவே காப்பாளர் கல் நங்கையின் சிலைக்குக் கம்பளி சுற்றுகிறார். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த மனைவி, தான் பெட்டிக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்த கம்பளி அது என்பதைக் கண்டு நிற்கிறாள். மூக்குதான் முதலில் உடையுமாம். அதற்கு மட்டும் தனியாகப் பஞ்சு வைக்கிறார். "நம்ம வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு டேப் ஒட்டச் சொல்லி எத்தனை நாளாச்சு?" என்கிறாள். "இவளை முடிச்சிட்டு வரேன்." இவளையாம். அவளுக்கு வயிறு எரிகிறது. எங்கோ பக்கத்தில் குண்டு விழுகிறது. கூரை அதிர்ந்து சுண்ணாம்பு கொட்டுகிறது. அவர் பாய்ந்து சிலையைக் கட்டிக்கொள்கிறார். சத்தம் அடங்கியதும் அதன் தோளில் படிந்த தூசியை ஊதுகிறார். மனைவி தன் தலையைத் தானே தட்டிக்கொண்டு, கயிற்றை எடுத்துச் சிலையை முகத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டுகிறாள். "மெதுவா," என்கிறார் அவர், "மூச்சு முட்டப் போகுது."