வெர்ஜில் டாக்கெட் மீது ஓர் உத்தரவு

எனக்கு முதலில் கெடுதல் செய்தவள் டார்லீன். என் மனைவி. அவள் செத்து மூன்று வருஷம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தாடை உடைந்தது. ‘அடித்தது வெர்ஜில் டாக்கெட், அவன் என் பக்கம் வரக் கூடாது’ என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தாள். ஐந்நூறு அடிக்குள் வரக் கூடாது என்று ஜட்ஜ் உத்தரவு போட்டார். என் கையால் கூரை போட்ட வீட்டுக்குள் நானே போக முடியாது.

“நான் அவளைத் தொடவே இல்லைங்கய்யா” என்றேன்.

“இங்கே நிக்கிற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க” என்றார் ஜட்ஜ்.

அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

ஜெயில் வேண்டாம், தள்ளி இருந்தால் போதும் என்று டார்லீன் சொன்னதற்கு, என்ன பெரிய மனசு என்று சர்ச்சில் கொண்டாடினார்கள். நான் ஓடைக்கரையில் சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் வீட்டில் ஒண்டிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை என் மகன் அங்கே வந்து நின்றான். அவன் பெயரும் வெர்ஜில் டாக்கெட்தான். எங்கள் கென்டக்கிப் பக்கம் அப்பன் பெயரையே பிள்ளைக்கு வைப்பது வழக்கம். ஊரில் அவன் ஜூனியர். அவன் என் வாசலை மிதித்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை, அம்மா போய்விட்டாள் என்று சொல்ல வந்தான்.

“பார்மசி காலேஜ்ல இடம் கிடைச்சிருக்குப்பா.”

“நல்லது.”

“சேர்றவங்களைப் பத்தி விசாரிக்க ஒரு கம்பெனி வெச்சிருக்காங்க. அவன் அந்தப் பழைய உத்தரவைத் தோண்டி எடுத்து என் தலையில போட்டுட்டான். அதே பேரு, அதே வீட்டு விலாசம். பொறந்த தேதி அதுல இல்ல.”

“கோர்ட்ல போய்க் கேளேன்.”

“கேட்டேன். அவங்ககிட்டயும் அவ்வளவுதான் இருக்கு. காலேஜ் பாரத்துல, ‘உன் மேல இப்படி உத்தரவு எப்பவாவது உண்டா’ன்னு ஒரு கேள்வி. ‘இல்லை’ன்னு எழுதினேன். இப்ப நான் பொய் சொல்லிட்டேங்கிறாங்க. உத்தரவைக்கூட மன்னிப்பாங்களாம், பொய்யை மன்னிக்க மாட்டாங்களாம்.”

“நான் என்ன செய்யணும்?”

“‘அந்த வெர்ஜில் நான்தான்’னு நீங்க சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். நாளைக்குள்ள. இல்லேன்னா என் இடம் இன்னொருத்தனுக்குப் போயிடும்.”

அவன் கண் ஒரு தடவைகூட என் முகத்துக்கு வரவில்லை.

மறுநாள் பாங்குக்குப் போனோம். சத்தியக் கையெழுத்துக்கு அங்கே முத்திரை வைப்பவள் ட்வைலா. டார்லீனோடு சர்ச்சில் பாட்டுப் பாடியவள்.

நான் எட்டாவதோடு சுரங்கத்துக்குப் போனவன். காகிதத்தை விரல் வைத்துப் படித்தேன்.

“எழுத்துக் கூட்டி முடிச்சாச்சா? நாலு மணிக்கு நாங்க மூடணும்” என்றாள் ட்வைலா.

“முதல் வரி சரி. உத்தரவு என் மேலதான் வந்தது. இந்த ரெண்டாவது வரி எதுக்கு?”

மனைவியை அடித்தது நான், மகனுக்கு அதில் சம்பந்தமில்லை என்று எழுதியிருந்தது.

“காலேஜ்ல கேட்டாங்கப்பா” என்றான் ஜூனியர், மேஜையைப் பார்த்து.

“அந்த வரியை அடிச்சிடு.”

“அடிச்சா மறுபடி சந்தேகப்படுவாங்க. அப்பா, நான் குடியை விட்டு அஞ்சு வருஷம் ஆச்சு. கடையில மூட்டை தூக்கிக்கிட்டே படிச்சு பாஸ் பண்ணியிருக்கேன். இது போச்சுன்னா எனக்கு வேற எதுவும் இல்லப்பா.”

ட்வைலாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஆம்பளைன்னா செஞ்சதை ஒத்துக்கணும். புள்ளை இப்படிக் கெஞ்சறானே, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க. வலது கையைத் தூக்குங்க.”

தூக்கினேன்.

“அதே கைதானே?” என்றாள்.

ஜூனியர் பேனாவின் மூடியைக் கழற்றினான்.

“இதுல இருக்கிறது எல்லாம் சத்தியமா?”

நான் ஜூனியரைப் பார்த்தேன். அவன் பேனாவை என் பக்கம் நகர்த்தினான்.

“சத்தியம்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

ட்வைலா முத்திரையைக் குத்திவிட்டு அவனிடம் குரலைத் தாழ்த்தினாள். “அப்பன் செஞ்ச பாவத்தை நீ சுமக்கறியே கண்ணு. உங்கம்மா இருந்தா துடிச்சுப் போயிருப்பா.”

“பரவாயில்லைங்க” என்றான் ஜூனியர்.

வெளியே வந்தோம். இங்கேயாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று அவன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கதவை விடுங்கப்பா. அஞ்சு மணிக்குள்ள இதை அனுப்பணும்.”

விட்டேன். போய்விட்டான்.

இடம் கிடைத்துவிட்டது. விசாரணைக் கம்பெனி ஆளை மாற்றிப் பிடித்துவிட்டது, வருந்துகிறோம் என்று காலேஜ் அவனுக்குக் கடிதம் போட்டதாம். ட்வைலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மன்னிப்பு அவனுக்குப் போனது. எனக்கு வர வேண்டியது இன்னும் வரவில்லை.

கம்பெனி ஆளை மாற்றவில்லை. சரியான ஆளைத்தான் பிடித்தது. ஆளை மாற்றியது டார்லீன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன், அந்தப் பக்கம் சாராய வாடையோடு ஜூனியர் நின்றான். “அடிச்சது எந்த வெர்ஜில்?” என்று போலீஸ்காரர் கேட்டார். தாடையைக் கட்டியிருந்ததால் அவளால் பேச முடியவில்லை. கண்ணை மகன் மேல் வைத்துக்கொண்டு, விரலை என் பக்கம் நீட்டினாள்.