காசு மாறும் வரை

சொர்ணத்தின் கணவர் உயிர் விட்டதும், மகன் மதியழகன் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினான். சுவரிலிருந்து ஒட்டுக்கேட்கும் வங்கிக் கருவியின் காதில் ஒப்பாரிச் சத்தம் விழுந்தால் போதும், செத்தவருடைய மின்காசு மொத்தமும் அந்த நொடியே முடங்கிப்போகும்.

"எல்லாத்தையும் என் பேருக்கு மாத்திடறேம்மா. அதுவரைக்கும் அப்பாகிட்ட எப்பவும் போலப் பேசிக்கிட்டே இரு" என்று காதில் கிசுகிசுத்தான்.

சொர்ணம் கணவரின் சில்லிட்ட கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, காபி ஆறுது பாருங்க. எந்திரிங்க" என்றாள். சேலைத் தலைப்பை வாயில் திணித்து விம்மலை விழுங்கிவிட்டு, "சக்கரை பத்தலையா?" என்றும் கேட்டாள்.

ஒருவழியாக மகன் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்தான். "முடிஞ்சுது. இனி நீ அழலாம்மா."

அழுகை வரவில்லை. அவனையே பார்த்தாள்.

"எம் பேர்ல சல்லிக்காசு கிடையாதுடா. நான் போனா உடனே அழுதுடுவ, இல்ல?"